ஒரே அளவு

தக்காளியின் தோலைக் கத்தியால் சீவ வேண்டியதில்லை, ஐயா. பலருக்கு இது தெரியாது. அடிப்பக்கம் கத்தி நுனியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பத்து எண்ணுவதற்குள் எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்கினால் போதும். கீறின இடத்தில் தோல் தானாகச் சுருண்டுகொள்ளும். குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி விரலாலேயே கழற்றிவிடலாம். பிறகு குறுக்கே இரண்டாக வெட்டி, விதையைப் பிழிந்து எடுத்துவிட்டு, சதையை மட்டும் நறுக்க வேண்டும். ரொம்பப் பொடியாகவும் கூடாது, துண்டமாகவும் கூடாது. சுண்டுவிரல் நகம் அளவு. பெரிய ஹோட்டல் சமையலறைகளில் இதற்குக் கான்காசே என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை. தக்காளிக்குத்தான் அதிகம் சொல்வார்கள் என்றாலும், கொஞ்சம் பெரிதாக நறுக்குகிற எதற்கும் சொல்லலாம்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணனுக்கு என்ன கொடுத்தேன் என்றுதானே முதலில் கேட்டீர்கள். அதைத்தான் கொடுத்தேன். கூட வேகவைத்த கோழியும் அதே அளவில் நறுக்கிச் சேர்த்திருந்தேன்.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். அம்மாவை எனக்கு ஞாபகமில்லை. அப்பா போனபோது எனக்கு எட்டு, அவருக்குப் பதினெட்டு. ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மிச்சம் மீதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, நான் தூங்கிவிட்டிருந்தால் எழுப்பி உட்காரவைத்து ஊட்டுவார். சோம்பலில் நான் மென்று முடிப்பதற்குள் அடுத்த வாய் தயாராக இருக்கும். அவர் ஊட்டி வளர்ந்த உடம்பு இது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க ஒன்றுமில்லை.

நான் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற இயந்திரத்தில் இருந்தேன். என் இருபத்து நான்காம் வயதில் அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதற்குள் அண்ணன் படிப்படியாக ஏறி அந்த ஹோட்டலுக்கே தலைமைச் சமையல்காரர் ஆகிவிட்டிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போய் நறுக்கும் மேசையில் நிறுத்தினார். முதல் நாள் அவர் இந்த வார்த்தையைச் சொன்னபோது, "கான்காசேன்னா அதுல காசு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டேன். சமையலறையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "வேலை நேரத்துல நான் அண்ணன் இல்ல. செஃப்" என்றார்.

அங்கே எனக்கு அறுவை என்று பெயர் வைத்தார்கள். நாள் முழுக்க அறுத்துக்கொண்டிருப்பதால் ஒன்று. வாயைத் திறந்தால் கழுத்தறுப்பதால் இன்னொன்று. இரண்டும் எனக்குப் பொருத்தம்தான். நான் கொஞ்சம் நிதானமாக, ஒன்றுவிடாமல் பேசுகிறவன். நீங்களும் கவனித்திருப்பீர்கள். பேர் வைத்தது அடுப்படிப் பையன்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் வைத்தார் என்று பிறகு தெரிந்தது. பரவாயில்லை. நல்ல பேர்தான்.

இருபத்தேழு வருடம் அந்த மேசையில் நின்றேன். கையில் ஏழு தழும்பு இருக்கிறது, ஏழும் முதல் இரண்டு வருடத்தில் விழுந்தவை. அதற்குப் பிறகு கத்தி தவறியதில்லை. அண்ணன் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மேசைக்கு வருவார். ட்ரேயில் விரலை விட்டுக் கிளறிப் பார்ப்பார். நூற்றில் ஒரு துண்டு சிறுத்தோ பெருத்தோ இருந்தால் போதும். "இது என்னடா, எலி கொறிச்ச மாதிரி?" என்று கேட்டுவிட்டு, ட்ரேயை அப்படியே தூக்கிக் குப்பைத்தொட்டியில் கவிழ்ப்பார். சத்தம் போடமாட்டார். நான் மறுபடியும் கொதிதண்ணீரிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு கல்யாண விருந்து அன்றைக்கு இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை ட்ரேயில் எந்தத் தப்பும் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்த நாலு பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு சமையலறையை நடத்துகிறவர் அப்படிச் செய்யத்தான் வேண்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்தார்கள், அமையவில்லை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில், மூன்றாவது மாடியில். எனக்குச் சமையலறையை ஒட்டின சின்ன அறை. அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷி. வீட்டில் அண்ணன் எப்படி என்று கேட்டால், பேசமாட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆளில்லை. அவருக்கு எல்லாமே முடிவான விஷயம், அதனால் பேச ஒன்றும் இருக்காது. நான் ஏதாவது ஆரம்பித்தால் பாதியிலேயே, "சரிடா, போதும்" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, அடுப்புப் பக்கம் நின்று சூப் ருசி பார்த்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்தார். ஆனால் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "இல்ல." பசிக்கிறதா என்றாலும் இல்ல, குளிருகிறதா என்றாலும் இல்ல, அண்ணியைப் பார்த்து ஆசையாக ஏதோ சொல்ல வந்தாலும் வாயில் வருவது இல்ல. அப்படி ஆவது உண்டு என்று டாக்டர் சொன்னார். நினைப்பது ஒன்று, வருவது ஒன்று. கண்ணைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

தொண்டையும் பாதிக்கப்பட்டிருந்தது. அதற்கென்று ஓர் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவார். விழுங்கப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. பையில் விதவிதமான கரண்டி வைத்திருப்பார் என்பதால் நானும் அண்ணியும் அவருக்குக் கரண்டி டாக்டர் என்று பேர் வைத்திருந்தோம். அவர் ஒரு தாளில் ஆறு வரி எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். எல்லாம் கூழாக அரைத்திருக்க வேண்டும், கட்டி எதுவும் கூடாது. தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரு வாய் இறங்கின பிறகே அடுத்த வாய். நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், சாய்க்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இருமல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வாயில் போனது தொண்டையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை எழுதவில்லை. செய்து காட்டினார். முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டும். ஐந்து தடவை. என்னை அவர் முதுகிலேயே செய்து காட்டச் சொன்னார். சரியாகச் செய்தேன். "உங்க கை நல்லா வேலை செய்யுது" என்றார்.

நான் வேலையை விட்டேன். அண்ணி வேலைக்குப் போயாக வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பல் தேய்த்துவிடுவது, முகம் மழிப்பது, துடைத்துவிடுவது, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம் நான்தான். படுக்கையிலேயே கிடந்தவர் முதுகில் ஒரு புண் கிடையாது. வேண்டுமானால் டாக்டரைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில், தம்பி என்றால் இப்படி இருக்கணும் என்று சொல்வார்கள். அண்ணி ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் தம்பி" என்றார்.

ஆனால் அந்தக் கூழ். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. கேரட்டைப் போட்டால் ஒரு நிறம், பட்டாணியைப் போட்டால் ஒரு நிறம், கோழியைப் போட்டால் சுவர் பூசுகிற மாதிரி ஒரு சாம்பல். மிக்ஸியில் போட்ட பிறகு எதற்கும் உருவம் கிடையாது. அண்ணன் அந்தக் கிண்ணத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். பசி தாங்காமல் அரைமணி கழித்துத் திரும்புவார். வாயைத் திறப்பார். தினம் மூன்று வேளை, ஒன்றரை வருடம். நான் அவசரப்படுத்தியதே இல்லை. காத்திருப்பேன்.

இதற்கு நடுவில் அண்ணி சொன்ன விஷயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நீங்கள் பெரிதாக நினைக்கிறீர்கள். நான் நினைக்கவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தோம். பழைய பேச்சு ஏதோ வந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியுமா தம்பி, ஒன்பது வருஷம் முன்னாடி ஏரிக்கரை ஹோட்டல் மேனேஜர் நம்ம வீட்டுக்கே வந்தார். உங்களைத்தான் கேட்டு வந்தார்" என்றார்.

"என்னையா? எதுக்கு?"

"அவங்க சமையலறைக்குத் தலைமையா. உங்க வேலையை எங்கயோ பார்த்திருக்கார். நீங்க அன்னிக்குக் கடைக்குப் போயிருந்தீங்க."

"அண்ணன் என்ன சொன்னார்?"

அண்ணி ஒரு தலையணை உறையை உதறி மடித்தார். "அவர்தான் தெரியுமே. 'அவனுக்குக் கை மட்டும்தான் இருக்கு, நாக்கு கிடையாது. உப்பு எது சர்க்கரை எதுன்னு கேட்டாக்கூட முழிப்பான்'னு சொல்லிட்டார். மேனேஜர் காபி குடிச்சிட்டுப் போயிட்டார். உங்களைப் பிரிஞ்சு இருக்க முடியாம அப்படிச் சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். அறையில் அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார், கதவும் திறந்துதான் இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு நான் போய் அவருக்குச் சாயங்காலக் கூழ் ஊட்டினேன். எப்போதும்போல ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் காத்திருந்தேன். எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து மிக்ஸியைக் கொஞ்சம் முன்னதாக நிறுத்த ஆரம்பித்தேன்.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றரை வருடமாக ஒரு மனிதர் பல்லுக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் எப்படித் தேறுவார் என்று எனக்குத் தோன்றியது. தொண்டையும் ஒரு கை மாதிரிதானே. வேலை கொடுத்தால்தான் பழகும். முதல் வாரம் கடுகளவு. அடுத்த வாரம் அரிசியளவு. கண்ணும் கருத்துமாகச் செய்தேன். ஒரு வாய்க்கு எத்தனை இருமல் என்று மனதில் வைத்துக்கொள்வேன். கடுகளவில் ஒன்றிரண்டு. அரிசியளவில் ஐந்தாறு, கண்ணில் தண்ணீர் வரும், முகம் சிவக்கும். இருமி முடித்துவிட்டு அண்ணன் "இல்ல, இல்ல" என்பார். நான் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுப்பேன். இருமல் வந்தால் நிறுத்த வேண்டும் என்று தாளில் கடைசி வரியில் இருக்கிறது. அதைத் தினம் படித்தேன். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும் இடம் அது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. கரண்டி டாக்டர் வந்து அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"கட்டியா ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லம்மா. நல்லா அரைச்சுதான் குடுக்கறேன்."

"மாவு மாதிரி?"

"மாவு மாதிரி."

அதுதான் நான் சொன்ன முதல் பொய். அதற்கு முன்னால் சொன்னதில்லை. அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவர் கையில அளவு தப்பவே தப்பாது டாக்டர்" என்று எனக்காகப் பேசினார். அது உண்மைதான்.

நுரையீரலுக்குள் சாப்பாடு போயிருந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த அன்று கரண்டி டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்தார். கோபமாகப் பேசவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். இவருக்கு மூச்சுக்குழாயை மூடுகிற கதவு பாதிதான் வேலை செய்கிறது. பெரிய துண்டு எதுவும் போனால் அங்கேயே நின்றுவிடும். இருமித் தள்ள அவருக்கு பலம் இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் அந்த அம்மாவையும் விசாரித்திருப்பீர்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி.

அதற்குப் பிறகு நாற்பது நாள் மாவு மாதிரிதான் அரைத்தேன். அண்ணன் கொஞ்சம் தேறினார். முகத்தில் சதை பிடித்தது. சுவர் பக்கம் திரும்புவதுகூடக் குறைந்தது. ஒரு நாள் இடது கையால் என் சட்டைப் பொத்தானைத் தொட்டு ஏதோ சொல்ல முயன்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இல்ல... இல்ல..." என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அது என்னவென்று நான் புரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை. அண்ணி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறார் தம்பி" என்றார். அண்ணிக்கு இப்படியெல்லாம் தோன்றும். அண்ணன் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அவரை நாற்பத்தைந்து வருடமாக, அப்பா போனதிலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

புதன்கிழமைக்கு வருகிறேன்.

அண்ணி ஒன்பதரைக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு பூசணி அரைச்சுக் குடுங்க, நேத்து கேரட்டை ஒதுக்கிட்டார்" என்றார். சரி என்றேன். பிறகு கீழே இறங்கிப் போய்த் தக்காளி வாங்கினேன். கெட்டியாக, கன்றாமல், எல்லாம் ஒரே பருமனில் பார்த்துப் பொறுக்கினேன். காய்க்காரர்கூட, "யாருக்கு விருந்து?" என்று கேட்டார். "அண்ணனுக்கு" என்றேன். கோழியும் வாங்கி வேகவைத்தேன்.

பலகையையும் கத்தியையும் அண்ணன் அறைக்கே கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டேன். பலகை அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று படுக்கையைக் கொஞ்சம் சாய்த்தேன். சாய்க்கக் கூடாது என்று நான்காவது வரி. கத்தியைத் தீட்டிக்கொண்டபோதே அவர் கண் என் கையில் வந்து நின்றது. ஒவ்வொரு பழமாகத் தோலைக் கழற்றினேன், விதையைப் பிழிந்தேன், நறுக்கினேன். அவசரமில்லை. இருபத்தேழு வருடத்தில் அவ்வளவு நன்றாக நான் நறுக்கியதில்லை. கிண்ணத்தில் எடுத்து, கரண்டியால் கிளறி, அவர் முகத்துக்குக் கிட்டே பிடித்துக் காட்டினேன். "பாருங்க செஃப்" என்றேன். செஃப் என்று கூப்பிட்டது எனக்கே பழக்க தோஷத்தில் வந்ததுதான்.

முதல் கரண்டிக்கு அவர் வாயைத் திறந்தார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. தானாகத் திறந்தார். ஒன்றே முக்கால் வருடம் கழித்துப் பல்லில் ஒன்று பட்டது. மென்றார். இடது கன்னம் அசைந்தது. எப்படியோ இறங்கிவிட்டது. ஒரு நிமிடம் அவர் முகம் பழைய முகமாக இருந்தது, ஐயா. அடுப்பு முன்னால் நிற்கிற முகம். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

அவரிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதை நான் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டாக்டரே சொல்லியிருக்கிறார், நினைப்பது ஒன்று, வருவது ஒன்று. கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த நேரம் நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கரண்டி இறங்குவதற்கு முன்னால் மூன்றாவதைக் கொடுத்தேன். கரண்டி நிறையக் கோழி. வாயை மூடிக்கொண்டார். தாடையைப் பிடித்துத் திறக்க வேண்டியிருந்தது. முகம் மழிக்கும்போது தினம் பிடிக்கிற தாடைதான், எங்கே அழுத்தினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சத்தம் வரவில்லை. இருமல் வந்தால்தான் சத்தம். இடது கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். நீங்கள் காலையில் படம் எடுத்துக்கொண்ட நகக் குறிகள் அப்போது விழுந்தவை. நான் கையை உதறவில்லை. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். குனியவைத்து முதுகில் ஐந்து தடவை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் உள்ளங்கைக்கு அந்த இடம் தெரியும். நான் அடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே காலுக்கு மேல் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பிடி தளர்ந்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

பலகையைக் கழுவினேன். கத்தியைத் துடைத்து வைத்தேன். அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். பிறகுதான் அண்ணிக்குப் போன் செய்தேன். மூச்சு நின்றுவிட்டது என்றேன். எதையும் ஒளித்து வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

மாட்டிக்கொண்டது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிரேதத்தைப் பார்த்த டாக்டர் தொண்டையிலிருந்து எடுத்ததை ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் வைத்திருந்தார். அண்ணியையும் என்னையும் கூப்பிட்டு, வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அண்ணி, "பூசணிக் கூழ்" என்றார். டாக்டர் தட்டைக் காட்டினார். "கூழா? இதைப் பாருங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கே" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் மனிதர் ஒருவர், சமையலுக்குச் சம்பந்தமே இல்லாதவர், பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார். நான் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அண்ணி தட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் ஒரு சமையல்காரருக்குப் பெண்டாட்டியாக இருந்தவர். அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. "தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இனிமேலும் பேசமாட்டார். என் துணிமணியை ஒரு பையில் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று உங்கள் ஆள் சொன்னார். மடித்துத்தான் வைத்திருக்கிறார்.

ஆகவே, தெரிந்தே செய்தேன், ஐயா. நாள் பார்த்து, பழம் பார்த்துச் செய்தேன். கருணையால் செய்தேன் என்று எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பகையால் என்று மட்டும் எழுத வேண்டாம். அது சரியாக இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கிண்ணம் ஏன் காலியாக இருந்தது என்று நேற்றே கேட்டீர்கள். அவர் வாயில் போனது மூன்று கரண்டி. நான் நறுக்கியது கிண்ணம் நிறைய. மீதியை நான் கொட்டவில்லை. சாப்பிட்டேன். எப்போது என்றால், அப்போதுதான். அவர் பிடித்திருந்தது என் இடது கையை. வலது கை சும்மாதான் இருந்தது, கரண்டியும் அதில்தான் இருந்தது. ஒரு வாய் ருசி பார்த்தேன், பிறகு நன்றாக இருந்ததால் தொடர்ந்து சாப்பிட்டேன். தக்காளி நல்ல தக்காளி. புளிப்பு மட்டும் லேசாக முன்னால் நின்றது, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருந்தால் அடங்கியிருக்கும். அதை அண்ணனிடம் சொன்னேன். ஏன் சர்க்கரை, எந்தக் கட்டத்தில் போட வேண்டும், தேன் போட்டால் ஏன் சரிவராது, எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணை என் மேலிருந்து எடுக்கவே இல்லை. இத்தனை வருடத்தில் நான் பேசி, அவர் பாதியில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் கேட்டது அந்த ஒரு தடவைதான், ஐயா.